எவரெஸ்ட் கதவைச் சாத்திய மௌனப் படம்

1924 டிசம்பர் 8, லண்டன், நியூ ஸ்காலா தியேட்டர். மேடையில் ஒரு திபெத்திய முற்றத்தைச் செட் போட்டு வைத்திருந்தார்கள். விளக்கை அணைத்ததும் படம் தொடங்கிவிடவில்லை. முதலில் திபெத்திலிருந்து கூட்டி வரப்பட்ட ஏழு புத்தத் துறவிகள் மேடைக்கு வந்தார்கள். நீளக் கொம்புகளை ஊதி, மேளம் தட்டி, மடத்துத் திருவிழாக்களில் ஆடும் சடங்கு நடனத்தை டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கு முன்னால் ஆடிக் காட்டினார்கள். அப்புறம்தான் திரை வெளிச்சமானது. படத்தின் பெயர் 'தி எபிக் ஆஃப் எவரெஸ்ட்'.

அந்த ஆண்டு ஜூனில்தான் பிரிட்டிஷ் மலையேறிகள் ஜார்ஜ் மலோரியும் ஆண்ட்ரூ இர்வினும் எவரெஸ்ட் உச்சிக்குக் கிளம்பித் திரும்பாமல் போனார்கள். அக்டோபர் 17 அன்று செயின்ட் பால் தேவாலயத்தில் நடந்த அஞ்சலிக்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜே வந்திருந்தார். அந்த அஞ்சலி நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மக்கள் அந்த இருவரைப் பார்க்கத்தான் தியேட்டருக்கு வந்தார்கள். ஆனால் விவகாரம் ஆனது மேடையில் ஆடிய ஏழு பேரால். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் மலையேறிகள் திபெத்துக்குள் நுழைய 1933 ஆகிவிட்டது.

'நடனமாடும் லாமாக்கள் விவகாரம்' என்று வரலாற்றில் பெயர் பெற்ற இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு பேன் காட்சியைச் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பேனுக்கு வருவோம். அதற்கு முன் பணக்கணக்கைப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் இந்த விவகாரத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எட்டாயிரம் பவுண்டு

படத்தை எடுத்தவர் கேப்டன் ஜான் நோயல். இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1913இல், 23 வயதில், முகத்தையும் முடியையும் கறுப்பாக்கிக்கொண்டு, இந்திய முஸ்லிம் வேடத்தில், அனுமதியில்லாமல் திபெத்துக்குள் புகுந்தவர். எவரெஸ்ட்டுக்குச் சுமார் 40 மைல் தொலைவு வரை போய்விட்டார். அங்கே திபெத்தியப் படைவீரர்கள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். 1919இல் லண்டன் ராயல் ஜியாகிராஃபிக்கல் சொசைட்டியில் இந்தக் கதையை அவர் பேசியபோதுதான் எவரெஸ்ட் பேச்சு மறுபடி சூடுபிடித்தது. ஒரு நாட்டு எல்லையைக் களவாகத் தாண்டியவரை மேடையேற்றிக் கைதட்டினார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

நேபாளத்தின் கதவு அப்போது மூடியிருந்தது. எவரெஸ்ட்டுக்குப் போக திபெத் ஒன்றுதான் வழி. 1920 கடைசியில் திபெத்தின் தலைநகர் லாசா போன பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் பெல், 13ஆம் தலாய் லாமாவிடம் பேசி அனுமதி வாங்கினார். திபெத்துக்கு அப்போது ஆயுதம் தேவைப்பட்டது. பிரிட்டிஷார் ஆயுதம் விற்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அனுமதியின் விலை புரியும்.

1921இல் வழி பார்க்க ஒரு குழு போனது. 1922இல் ஏற ஒரு குழு போனது. அதில் ஏழு சுமைதூக்கிகள் பனிச்சரிவில் புதைந்தார்கள். நோயல் அந்தப் பயணத்தையும் படமெடுத்தார். மூன்றாவது பயணத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது நோயல் ஒரு யோசனையோடு வந்தார். படம், புகைப்பட உரிமை மொத்தத்தையும் தானே 8,000 பவுண்டுக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இந்தப் பயணங்களை ஏற்பாடு செய்த எவரெஸ்ட் கமிட்டிக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. பயணச் செலவின் பெரும்பகுதி ஒரே கையிலிருந்து வந்துவிடும்.

அந்தப் பணத்தைத் திரட்ட 'எக்ஸ்ப்ளோரர் ஃபிலிம்ஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார் நோயல். பங்கு போட்டவர்களில் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கானும் ஒருவர். கம்பெனியின் தலைவர் சர் பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட். எவரெஸ்ட் கமிட்டியின் முதல் தலைவரும் அவரேதான். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், 1904இல் படையோடு லாசா வரை நுழைந்து, வழியில் குரு என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான திபெத்தியர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட அந்தப் படையெடுப்புக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். அந்தப் படையெடுப்பின் முடிவில் போட்ட ஒப்பந்தத்தால்தான் கியான்சே என்ற திபெத்திய ஊரில் பிரிட்டிஷ் வணிக முகமை வந்தது. இருபது ஆண்டு கழித்து லண்டன் மேடைக்குத் துறவிகள் புறப்பட்டதும் அதே கியான்சேயிலிருந்துதான்.

கழுகுக் கூடு

நோயல் கெட்டிக்காரர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆர்தர் நியூமன் வடிவமைத்த நியூமன்-சின்க்ளேர் கேமராவைக் குளிருக்குத் தகுந்தபடி மாற்றிச் செய்யச் சொன்னார். எண்ணெய் போட்டால் உறைந்துவிடும் என்பதால் எண்ணெய் தேவைப்படாத அமைப்பு. உலோகத்தில் கன்னம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கண் வைக்கும் இடத்தில் ரப்பர். கூடவே 20 அங்குல டெலிஃபோட்டோ லென்ஸ்.

1922இல் கூடாரத்துக்குள்ளேயே பிலிம் கழுவி, யாக் சாண வறட்டித் தீயில் உலர்த்திப் பார்த்து அவதிப்பட்டிருந்தார். இம்முறை டார்ஜிலிங்கில் ஒரு லேப் கட்டினார். மலையில் எடுத்த பிலிம் ஆள் மாற்றி ஆள், குதிரை மாற்றிக் குதிரை என்று திபெத்தைக் கடந்து டார்ஜிலிங் போகும். அங்கே ஆர்தர் பெரேரா கழுவி வைப்பார்.

மூன்றாம் முகாமுக்கு மேலே, சுமார் 22,000 அடியில் ஒரு பாறைத் திட்டில் கேமராவை நிறுத்தினார். அதற்கு அவர் வைத்த பெயர் கழுகுக் கூடு. அங்கிருந்து பார்த்தால் வடக்குக் கணவாயும் மேலே கடைசிக் கூம்பும் தெரியும். படத்தின் இரண்டாம் பாதியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பார்வைதான். வெள்ளைச் சுவர் ஒன்று. அதில் எறும்பு வரிசை மாதிரி சில புள்ளிகள் ஊர்கின்றன. அந்தப் புள்ளிகள் மனிதர்கள் என்று உறைக்கச் சில நொடி ஆகிறது. பனித்தூண்கள் நிற்கும் இடங்களுக்கு நீல வண்ணம் ஏற்றியிருப்பார்கள். மேகம் வேகமாகப் புரண்டோடும் காட்சிகளும் உண்டு. அந்தக் காலத்துப் பயணப் படங்களில் மலைக்கு முன் மனிதனை இவ்வளவு சிறிதாகக் காட்டியது வேறு இருக்குமா தெரியவில்லை.

ஜூன் 8 அன்று மலோரியும் இர்வினும் மேல் முகாமிலிருந்து புறப்பட்டார்கள். நோயலின் லென்ஸ் கடைசிக் கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தது. கூட இருந்த சுமைதூக்கிகள் முறை வைத்துத் தொலைநோக்கியில் பார்த்தார்கள். மேகம் வந்து மூடிவிட்டது. பகல் 12.50க்கு மேகம் விலகிய ஒரு நொடியில் அவர்களைக் கடைசியாகப் பார்த்தவர் மேலே வேறு இடத்தில் இருந்த நோயல் ஓடெல். (பெயரால் குழம்ப வேண்டாம், இவர் நிலவியலாளர். கேமராக்காரர் வேறு.) கேமராவில் ஒன்றும் பதியவில்லை.

அதற்குப் பதிலாகப் பதிந்தது இன்னொன்று. வடக்குக் கணவாய்ப் பனியில் ஆறு கம்பளிகளைச் சிலுவை வடிவில் விரித்து வைக்கிறார்கள். இருவரும் இறந்தார்கள் என்பதற்கு முன்பே பேசி வைத்த அடையாளம். குரல் இல்லாத படத்தில் குரல் இல்லாத ஒரு சாவுச் செய்தி. படத்தில் என்னை உலுக்கிய இடம் இதுதான்.

உச்சி இல்லாத படத்தை எப்படி விற்பது?

நோயலின் திட்டத்தில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று சிகரம் ஏறும் படம், இன்னொன்று திபெத்திய வாழ்க்கை பற்றிய படம். உச்சி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால்கூட அதைக் கண்ணால் காட்டும் காட்சி இல்லை. கம்பெனியில் பங்கு போட்டவர்கள் கணக்குக் கேட்பார்கள். ஆக இரண்டையும் ஒட்டி ஒரே படமாக்கினார். சிகரத்தில் விட்டதைத் திபெத்தில் பிடிக்க வேண்டிய நிலை.

ஆகவே முதல் பாதியில் திபெத்தியர்கள் வேடிக்கைப் பொருளாகிறார்கள். பாரி என்ற ஊரின் அழுக்கும் மக்களின் குளிக்காத வழக்கமும் காட்சிகளுக்கு நடுவே எழுத்தில் வரும் டைட்டில் கார்டுகளில் கேலியாக வருகின்றன. பிள்ளையின் தலையில் பேன் பார்த்து அதைப் பல்லில் கடித்துக் கொல்லும் காட்சியும் வருகிறது. மதிய வேளையில் திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்த்து, நகத்தில் வைத்து நசுக்கி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். லண்டனில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். திபெத்தியர்களுக்கோ உயிர்க்கொலையைப் பாவமாகக் கருதும் மதத்தாரை உலகத்துக்கு முன்னால் பேன் தின்னிகளாக நிறுத்தியதுதான் கண்ணில் பட்டது.

படத்தோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. தியேட்டருக்குக் கூட்டம் சேர்க்க மேடை நிகழ்ச்சி ஒன்று சேர்த்தார் நோயல். கியான்சேயிலிருந்து ஏழு துறவிகளை லண்டனுக்குக் கூட்டி வந்தவர் ஜான் மெக்டொனால்ட், திபெத்தில் பிரிட்டிஷ் வணிக முகவராக இருந்த டேவிட் மெக்டொனால்டின் மகன். லாசா அரசின் அனுமதி வாங்கவில்லை. ஏழு பேரையும் பத்திரிகைகள் 'லாமா' என்று எழுதித் தள்ளின. லாமா என்பது குருவுக்கான பட்டம். மடத்தில் இருக்கும் எல்லோருக்கும் அது பொருந்தாது. மண்டையோட்டு மேளம், தொடையெலும்பு ஊதுகுழல் என்று தலைப்புகள் பறந்தன.

அந்த நடனம் மடத்து முற்றத்தில், குறித்த நாளில், சடங்காக ஆடுவது. அதைப் பட இடைவேளைக் கச்சேரி மாதிரி ஆக்கியது பேன் காட்சியை விடப் பெரிய பிழை என்றே நான் நினைக்கிறேன். கோயில் உற்சவத்தைச் சர்க்கஸ் கூடாரத்தில் போட்டால் நம் ஊரில் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் போதும்.

இதே படத்தின் ஒலிப் பக்கத்தில் நேர்மாறான ஒருவர் இருந்தார். அவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹோவர்ட் சோமர்வெல், குழுவில் இருந்த மலையேறி, தொழிலால் அறுவை மருத்துவர். வழியெல்லாம் திபெத்திய மெட்டுகளைக் கேட்டுக் கேட்டு இசைக்குறிப்பாக எழுதி வைத்தார். நோயலின் படங்களுக்கு வாசித்த இசையில் அவையும் சேர்ந்தன. 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றியவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார். அன்று திருவிதாங்கூர், இன்று கன்னியாகுமரி மாவட்டம். 1924இல் நெய்யூரிலிருந்துதான் எவரெஸ்ட்டுக்குப் போனார். ஜூன் 4 அன்று குழுத் தலைவர் நார்ட்டன் 28,126 அடி வரை போனபோது கூடப் போய், கொஞ்சம் கீழே நின்றவர் இவர்தான். இறங்கும் வழியில் தொண்டைச் சவ்வு உறைந்து அடைத்து மூச்சு நின்றுவிடப் பார்த்தது. மார்பை ஓங்கி அழுத்தி அதை வெளியே துப்பி உயிர் பிழைத்தார். மறுபடி நெய்யூர், பிற்பாடு வேலூர் சிஎம்சி என்று தென்னிந்தியாவிலேயே பெரும்பாலான வாழ்க்கையைக் கழித்தார்.

லாசாவின் பதில்

லண்டன் பத்திரிகைச் செய்திகள் திபெத்துக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. தலாய் லாமா கோபப்பட்டார். துறவிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும், இனி இப்படிப்பட்ட குழுக்களுக்கு அனுமதி கிடையாது என்று லாசாவிலிருந்து கடிதம் வந்தது. அது போன இடம் சிக்கிமில் இருந்த பிரிட்டிஷ் அரசியல் அதிகாரி மேஜர் பெய்லியிடம். திபெத் சம்பந்தப்பட்ட எதுவும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும்.

1926 பயணத்துக்குக் கமிட்டி கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. கமிட்டிச் செயலாளர் ஆர்தர் ஹிங்க்ஸ் முதலில் மழுப்பினார். பிறகு, படத்துக்கும் கமிட்டிக்கும் சம்பந்தமில்லை, எல்லாம் நோயலின் தனி வியாபாரம் என்ற பக்கம் ஒதுங்கினார். எட்டாயிரம் பவுண்டை வாங்கிச் செலவழித்த கமிட்டி பேசிய பேச்சு இது.

நோயல் மேல் மட்டும் பழி விழுந்ததா என்றால், இல்லை. குழுவில் இருந்த ஹசார்ட் ஊர் திரும்பும் வழியில் அனுமதித்த பாதையை விட்டு சாங்போ ஆற்றுப் பக்கம் அளவெடுக்கப் போயிருந்தார். மற்றவர்கள் களைப்பாற ரோங்ஷார் பள்ளத்தாக்குக்குப் போனதும் புகாரில் சேர்ந்தது. மலையேறிகள் வட்டாரத்தில் ரொம்ப நாள் ஹசார்டின் பெயர்தான் அடிபட்டது. படம் செய்த வேலை வெளியே பேசப்பட்டது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு.

காரணங்களை எடை போட்டால்

பெய்லி இதை ஊதிப் பெரிதாக்கினார் என்று சொல்கிறவர்கள் உண்டு. எவரெஸ்ட் குழுக்கள் அவருக்குத் தலைவலி என்பது உண்மைதான். ஆனால் லாசாவின் கோபத்தை அவர் கற்பித்தார் என்று நம்ப முடியவில்லை. திபெத்தியர்கள் ஆரம்பத்திலிருந்தே முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1921இலேயே நிலவியலாளர் ஹெரன் புனித மண்ணைத் தோண்டிக் கல் எடுத்தார் என்று புகார் வந்து, அடுத்த ஆண்டு நிலவியலாளரே இல்லாமல் குழு போனது.

லாசாவுக்குள்ளும் காற்று திசை மாறிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் பாணியில் படையைக் கட்டிய சாரோங் 1925இல் தளபதிப் பதவியை இழந்தார். கியான்சேயில் பிராங்க் லட்லோ நடத்திய ஆங்கிலப் பள்ளி 1926இல் மூடப்பட்டது. பிரிட்டிஷாரோடு நெருங்குவதால் மதத்துக்குக் கேடு என்று மடங்கள் சொல்லி வந்தன. அந்த நேரம் பார்த்து லண்டன் மேடையில் துறவிகள் டிக்கெட்டுக்கு ஆடுகிறார்கள் என்ற செய்தி வந்தால்? மடங்களுக்கு வேறு சாட்சி தேவையில்லை. கதவு எப்படியும் சாத்தப்பட்டிருக்கலாம். ஆனால் அதைச் சாத்தும் கைக்குக் காரணத்தைத் தூக்கிக் கொடுத்தது படம்.

நோயலைத் திபெத்தை வெறுத்தவராகப் பார்க்கவும் முடியவில்லை. முதல் பாதியில் கேலி செய்த அதே படம் கடைசியில் தலைகீழாக மாறுகிறது. சோமோலுங்மா என்ற மலையின் திபெத்தியப் பெயரைச் சொல்லி, நாம் போராடியது வெறும் பாறையோடும் பனியோடும்தானா, நமக்குத் தெரியாத எதனோடோவா என்ற கேள்வியோடு முடிகிறது. எவரெஸ்ட் அடிவாரத்து ரோங்புக் மடத்துச் சுவரில் மலைக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரன் விழுந்து கிடக்க, பூதங்கள் அவனைக் குத்தும் ஓவியத்தை நோயல் பார்த்துப் படமும் எடுத்திருக்கிறார். அந்த மடத்துத் தலைவர் சாத்ருல் ரின்போச்சே 1922 குழுவைப் பற்றித் தன் வரலாற்றில் எழுதியபோது, பயனில்லாத ஒரு வேலைக்காக இவர்கள் இவ்வளவு துன்பப்படுகிறார்களே என்று இரக்கப்பட்டிருக்கிறார். படம் மொத்தத்திலும் தேடினால் திபெத்தியர்களை இவ்வளவு பரிவாகப் பார்த்த ஒரு டைட்டில் கார்டு அகப்படாது.

சுமைதூக்கிகள் விஷயமும் அப்படித்தான். அடிவார முகாமில் 1921 முதல் 1924 வரை இறந்த 12 பேரின் பெயரைச் செதுக்கி நினைவுக் கற்குவியல் எழுப்பினார்கள். அதில் ஒன்பது பெயர் மலை மக்களுடையது. லண்டன் தியேட்டரில் அழுதவர்களுக்குத் தெரிந்தது இரண்டு பெயர்.

2013இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் படத்தை மீட்டெடுத்து, பழைய வண்ணங்களோடு, சைமன் ஃபிஷர் டர்னரின் புதிய இசையோடு லண்டன் திரைப்பட விழாவில் திரையிட்டது. ஏழு துறவிகளின் இடத்தில் இசைக்கலைஞர்கள் இருந்தார்கள். இப்போது பார்க்கிறவர்கள் முதல் பாதியில் நெளிந்து, இரண்டாம் பாதியில் வாய் பிளக்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

1932இல் திபெத் மனம் இறங்கியது. அடுத்த ஆண்டு ஹியூ ரட்லெட்ஜ் தலைமையில் குழு போனது. 1933 மே 30 அன்று அந்தக் குழுவின் வின்-ஹாரிஸ் முகட்டுக்குச் சற்றுக் கீழே நடந்துகொண்டிருந்தபோது, சரிவான பாறைப் பலகையில் ஒரு பனிக்கோடரி கிடந்தது. இர்வினுடையது. விழாமல், புதையாமல், யாரோ இப்போதுதான் வைத்துவிட்டுப் போன மாதிரி ஒன்பது ஆண்டுகளாக அங்கேயே கிடந்திருக்கிறது.